தென்கடற் கம்பனியும் பங்கின் மதிப்பும்

ஒரு கம்பனியின் பங்கை மதிப்பிடுவோர் அது தரும் வருவாயையும், அவ்வருவாய்க்கு நேரக்கூடிய இடரையும், விலையின் போக்கையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். விலைப்போக்கு ஒன்றையே நம்பியோர் எய்திய கேட்டினை இங்கிலாந்தின் தென்கடற் கம்பனி வரலாற்றிற் காணலாம்.

1711 இல் தோன்றிய இக்கம்பனி அரசாங்கக் கடனைத் தன் பங்குகளாக மாற்றிக்கொண்டது. ஸ்பானிய அமெரிக்காவுடன் வாணிகஞ் செய்யும் உரிமையும் அதற்கிருந்தது. அவ்வாணிகத்துட் பெரிதும் பேசப்பட்டது அடிமைகளை விற்கும் இழிதொழில். அதுவும் 1718 இல் ஸ்பெயினுடன் மூண்ட போரினால் தடைப்பட்டது. எஞ்சிய உறுதியான வருவாய், நூற்றுக்கு ஏறத்தாழ 5 வீதமாக அரசாங்கம் செலுத்திய வட்டியே.

1720 சனவரியில் 100 பவுண் முகப்பு விலையுள்ள பங்கு ஏறத்தாழ 128 பவுணுக்கு விற்றது. கோடையில் 1,000 பவுணை எட்டியது. வட்டியை மட்டும் கொண்டு கணித்தால், அவ்விலை கொடுத்தவன் பெறுவது நூற்றுக்கு அரைப் பவுணே. பங்குகளையே ஈடாகக் கொண்டு கம்பனி கடன் கொடுத்தது. அக்கடன் மேலும் விலையேற்றியது. முன்னர் வாங்கியோரின் இலாபம் பின்னர் வாங்குவோரின் பணமேயென்று பாராளுமன்ற உறுப்பினர் ஆர்ச்சிபோல்ட் ஹச்சிசன் அவ்வாண்டிலேயே கணக்கிட்டு வெளியிட்டார். கேட்டவர் சிலரே. புத்தக வணிகர் தோமஸ் கை உச்சவிலைக்கு முன்னரே விற்று, அச்செல்வத்தைக் கொண்டு இலண்டனில் மருத்துவமனை நிறுவினார். இலாபத்துடன் விற்று விலகிய ஐசாக் நியூட்டனோ, உயர்ந்த விலையில் மீண்டும் வாங்கிப் பெரும்பொருள் இழந்தார். கணக்கறியாதவரா அவர்?

விலை தளரத் தொடங்கவே, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு நூற்றுக்கு 50 வீதம் இலாபப்பங்கு தருவதாக இயக்குநர் வாக்களித்தனர். அது முகப்பு விலைக்குரிய வீதம். 1,000 பவுண் கொடுத்தவனுக்கு அது 5 வீதமே. அத்தொகைக்கும் வழியிருக்கவில்லை. செப்டெம்பர் முடிவில் பங்கின் விலை 200 பவுணுக்குக் கீழ் வீழ்ந்தது.