வணிக வழக்குத் தீர்வு: கொற்கை, தாமிரபரணிப் பகுதி

கடன், சரக்கு, கூட்டு, ஒப்பந்தம் ஆகியவற்றில் எழும் பிணக்குகளை நீதிமன்றத்திலோ அதற்கு வெளியிலோ முடித்துக்கொள்வது வணிக வழக்குத் தீர்வு. கடல் விலகியதால் துறைமுகமாக இருந்த கொற்கை ஒதுங்கிப்போக, தாமிரபரணி முகத்துவார வாணிகம் காயலுக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கிருந்த கடன் வசூல் முறையை விவரித்திருக்கிறார். தவணை சொல்லி இழுத்தடிப்பவரைச் சுற்றிக் கடன் கொடுத்தவர் தரையில் வட்டம் கீறுவார். பணமோ பிணையோ தராமல் அதைத் தாண்டினால் மரண தண்டனை. அயல்நாட்டு வணிகர் ஒருவர் குதிரைமேல் இருந்த அரசனையே வட்டமிட்டார், கடன் தீரும்வரை அரசன் நகரவில்லை என்றும் எழுதுகிறார். மிகை இருக்கலாம். ஆனால் அரபு நாட்டுக் குதிரைகளுக்காகக் கடல்வணிகரை நம்பியிருந்த அரசுக்கு, கொடுத்த கடன் திரும்பும் என்ற பெயர் வேண்டியிருந்தது.

1801இல் திருநெல்வேலிச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனி வசமானது. மறு ஆண்டு சென்னை மாகாணத்தில் ஜில்லா நீதிமன்றங்கள் வந்தன; வழக்குகள் குவிந்தன. கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோவின் யோசனைப்படி 1816இல் கிராம முன்சீப்புகளுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் அதிகாரம் தரப்பட்டது. பஞ்சாயத்துக்கு அவர் எதிர்பார்த்த அளவு வழக்குகள் வரவில்லை. தென்மாவட்ட நாடார் வணிகர்களின் உறவின்முறை என்னும் சமூகச் சங்கமோ, மகமை என்னும் பொதுநிதி வசூலித்ததோடு உள்பிணக்குகளையும் தீர்த்தது. ஒதுக்கிவைக்கும் வலிமைதான் அதன் பிடி. வெளியாளிடம் அது செல்லாது.

1899ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்புச் சட்டம் முதன்மையாக மாகாணத் தலைநகரங்களுக்கே பொருந்தியது. 1940இல் மற்ற இடங்களுக்கும் பொதுவான சட்டம் வந்தது. நடுவர் தீர்ப்பும் மீண்டும் நீதிமன்றப் படியேறியதால் 1996இல் புதிய சட்டம் தேவைப்பட்டது. 2004இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை திறக்கப்பட்டு, மேல்முறையீட்டுக்குச் சென்னை செல்லும் அலைச்சல் குறைந்தது. 2005இல் சென்னை உயர்நீதிமன்றம் சமரச மையத்தைத் தொடங்கியது.

வணிக நீதிமன்றச் சட்டம் 2015இல் ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத வழக்குகளுக்கென வந்தது; 2018இல் வரம்பு மூன்று லட்சமாகக் குறைந்தது. அவசர இடைக்காலத் தீர்வு கேட்காத வழக்கில் முதலில் சமரசத்துக்கு முயல்வது கட்டாயம் என உச்ச நீதிமன்றம் 2022இல் உறுதிசெய்தது.

கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலை போன்ற சிறு உற்பத்தியாளருக்கு இவற்றைவிடப் பயனுள்ளது 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டம். வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்குக் கூட்டுவட்டி ஏறும். அச்சட்டப்படி அமைந்த வசதியாக்கக் குழுவிடம் முறையிடலாம். அதன் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக, தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முன்கூட்டிக் கட்ட வேண்டும்.