கலப்பற்று

நாம் மரக்கலத்தின் பெயரால் அழைக்கப்பட்ட மக்கள். சிங்களவர் சோனகரை ‘மரக்கல மினிஸ்’ என்றனர். தமிழகக் கரையில் மரக்காயர் என்ற பெயரையும் மரக்கலத்தோடு சேர்த்தே பலர் விளக்குவர். நமது சமூக வரலாற்றை எழுதியோர் கப்பல் உடையவரை எழுதினர். அவர் ஏற்றிய சரக்கை எழுதினர். அவர் கட்டிய பள்ளிவாசலை எழுதினர். பலகைக்கும் பலகைக்கும் இடையிலிருந்த வெடிப்பை அடைத்தவனை எவரும் எழுதவில்லை. அவன் அடைக்காதிருந்தால் கப்பலும் இல்லை, சரக்கும் இல்லை.

அவனுக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு: கலப்பற்றுக்காரன். பழைய அகராதிகளில் அச்சொல் கிடக்கிறது. கப்பற் பலகைகளின் இடுக்கில் தும்பு திணித்து, நீர் புகாமல் அடைப்பதே கலப்பற்று. கலம், பற்று என்று பிரித்தால் தனித்தமிழாகவே தோன்றும். ஆனால் அதே வேலையாளைப் போர்த்துக்கேயர் ‘கலஃபாத்தே’ என்கின்றனர். அறபியில் அத்தொழிலின் வினைச்சொல் ‘கல்ஃபத’. எது எதிலிருந்து வந்தது என்று வழக்காட நான் வரவில்லை. துறைமுகத்தில் கைவேலை செய்தவர்கள் சாதி, மதம், மொழி பாராமல் ஒருவரிடம் ஒருவர் தொழில் கற்றார்கள் என்பதற்கு இந்த ஒரு சொல்லே போதிய சாட்சி.

திருக்குர்ஆனின் ‘அல்கமர்’ அத்தியாயத்தில் நூஹ் நபியின் கப்பலைப் பற்றிய இடத்தில் பலகைகளோடு ‘துஸுர்’ என்றொரு சொல் வருகிறது. விரிவுரையாளர் பலர் அதற்கு ஆணிகள் என்று பொருள் கொண்டனர். பலகைகளைப் பிணைக்கும் நார்க்கயிறு என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. ஏனெனில் நம் கடலின் பழைய கலங்கள் ஆணியால் அறையப்பட்டவை அல்ல, கயிற்றால் தைக்கப்பட்டவை. ஓமான் தச்சர்கள் தென்னை வளரும் தீவுகளுக்குப் போய், மரத்தில் பலகையும் நாரில் கயிறும் ஓலையில் பாயும் செய்து, தேங்காயையே ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினர் என்று பத்தாம் நூற்றாண்டில் அபூ ஸைத் அஸ்ஸீராஃபி எழுதினார். செங்கடற் கரையில் 1183இல் இப்னு ஜுபைர் கண்ட கலங்களும் தென்னங்கயிற்றால் தைத்தவையே. அவற்றுக்கு நெய்யோ ஆமணக்கெண்ணெயோ சுறா எண்ணெயோ பூசினர், சுறா எண்ணெயே சிறந்தது என்கிறார் அவர். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, ஆணி அறைந்த கப்பல் பாறையில் மோதினால் உடையும், தைத்த கப்பல் வளைந்து கொடுக்கும் என்று காரணமும் சொல்லி வைத்தார்.

இந்தக் காரணம் எனக்கு விளங்கியது புத்தகத்தில் அல்ல, நான் படிப்பிக்கும் கதிரவெளியில். கிழக்கே கடல், தெற்கே பனிச்சங்கேணிக் களப்பு, வடக்கே வெருகல் ஆறு. 2004 சுனாமி இக்கரையின் தோணிகளை அள்ளிச் சென்ற பின் வந்தவற்றில் பெரும்பாலானவை ஃபைபர் படகுகள். தப்பிய ஒரு பழைய மரத்தோணியின் வெடிப்பில் கண்ணாடிநார்த் துணி வைத்து, ஃபைபர் பிசினைப் பூசியிருந்தார் எனக்குத் தெரிந்த மீனவர் ஒருவர். மாரி முடிவதற்குள் அது தோலாக உரிந்து வந்துவிட்டது.

“பலகையில ஈரம் இருந்திருக்கு சேர். மரம் ஊதும், சுருங்கும். இது ஊதாது” என்றார்.

“முந்தி என்ன அண்ணன் செய்வீங்க?”

“அப்பா தும்பை இறுக்கி அடிச்சி, குங்கிலியத்தைப் பொடிச்சி எண்ணெயில காய்ச்சிப் பூசுவார். இறக்கின முதல்நாள் தண்ணி கசியும். பிறகு மரம் ஊதி, தண்ணியே வெடிப்பை அடைச்சிரும்.”

இறுகிக் கல்லாகிப் போகும் பிசின், அசையும் மரத்தோடு ஒத்துப்போவதில்லை. தும்போ மரத்தோடு சேர்ந்து நனைகிறது, சேர்ந்து அசைகிறது. பற்று என்பது இறுக்கம் மட்டுமல்ல, விட்டுக்கொடுப்பும்தான். ஃபைபர் படகைக் குறை சொல்லவில்லை. அதற்கு அந்தப் பிசின்தான் சரி. ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குப் பூசுவதே பிழை.

கை மறந்த தொழிலை ஏடு மீட்டுத் தராது. 1980இல் ஓமானின் சூர் நகரில் டிம் செவரின் ‘சொஹார்’ என்ற தைத்த கப்பலைக் கட்டியபோது, தைப்பதற்கு இலட்சத்தீவிலிருந்து தொழிலாளரை அழைக்க வேண்டியிருந்தது. அந்தக் கைகள் நம் சகோதர முஸ்லிம்களுடையவை. அவர்கள் தைத்த கலம் 1981இல் சீனக்கரையை அடைந்தது. கப்பலின் பெயரும் தலைவரின் பெயரும் நமக்குத் தெரிகின்றன. தைத்தவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகவே இவ்விதழின் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கிண்ணியாவிலோ மூதூரிலோ ஓட்டமாவடியிலோ உங்கள் அயலில் தோணி கட்டிய, அடைத்த முதியவர் ஒருவர் இருந்தால், அவர் முஸ்லிமோ தமிழரோ, ஒரு பின்னேரம் அவரோடு உட்காருங்கள். அவர் வாயிலுள்ள சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். அவற்றையும் சேர்க்காமல் மரக்கலத்தின் வரலாற்றை எழுதினால், அடைபடாத வெடிப்போடு தோணியைக் கடலில் இறக்கியதாகவே முடியும்.