நீல அட்டையில் ஒரு பெருவிரல்

அரியலூர் ரேஷன் கடையில் மெஷின்ல விரல் வச்சு எடுத்ததும், கண்ணாடியில லேசா ஒரு பிசுக்கு நிக்கும், கவனிச்சிருக்கீங்களா? மெஷின் பார்ப்பது கோடுகளை. தடயவியல் வேதியியலுக்கு வேண்டியது அந்தப் பிசுக்கு. ஒரே தடத்திலிருந்து இரண்டையும் எடுப்பதுதான் பழைய சிக்கல்.

1897இல் வங்காளத்தின் ஜல்பைகுரியில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொல்லப்பட்டார். அறையில் கிடைத்த நாட்காட்டிப் புத்தகத்தின் நீல அட்டையில் இரண்டு பழுப்புக் கறைகள். ஒன்றிலிருந்த ரேகை, முன்பு திருட்டு வழக்கில் தண்டனை பெற்ற காங்காலி சரணின் வலது பெருவிரலோடு பொருந்தியது. கறை பாலூட்டியின் ரத்தம் என்றார் அரசு வேதியியல் பரிசோதகர். ரேகை ‘யார்’ என்றது. வேதியியல் ‘என்ன’ என்றது. மனித ரத்தம்தானா என்று பிரித்தறியும் சோதனை வந்ததே 1901இல்தான். 1898இல் அவருக்குத் திருட்டுக்கு மட்டும் தண்டனை, கொலை நிரூபணமாகலை.

இன்னைக்கும் வரிசைதான் முக்கியம். முதல்ல போட்டோ. பிறகு கண்ணாடி, உலோகம்னா கரைப்பானில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுப்பார்கள். கொழுப்பு வரும், கோடுகள் கலைஞ்சிடும். காகிதம் வியர்வையை உறிஞ்சிவிடுவதால், அந்த இடத்தை வெட்டிக் கரைப்பானில் ஊறவைப்பார்கள்.

அந்த நீல அட்டையை யாராவது அவசரப்பட்டு முதல்லயே துடைச்சிருந்தா, ரத்தம்னு மட்டும் தெரிஞ்சிருக்கும். யார் விரல்னு தெரிஞ்சிருக்காது.