சுவார்ட்சு ஐயரின் சொல்

இனியவை கூறலுக்குத் திருவள்ளுவர் தனியோர் அதிகாரம் வகுத்தார். கிறித்தவ மறையில், கொலோசை நகரத்தார்க்குப் பவுலடிகள் விடுத்த மடலிலே, அடியாரின் பேச்சு கனிவுடையதாயும் உப்பால் சாரமேறியதாயும் இருத்தல் வேண்டும் என்னும் அறிவுரை காணப்படுகின்றது. உப்பற்ற கனிவு முகமன் உரையாகிவிடும் அன்றோ! இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த நாவினராகத் தஞ்சை வரலாற்றில் விளங்கியவர் செருமானியப் பாதிரியார் கிறித்தியான் பிரீடரிக் சுவார்ட்சு ஆவார்.

1726இல் பிறந்த அவர், 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழைக் கற்றார். பாரசீகமும் மராத்தியும் இந்துஸ்தானியும் பின்னர் அவர்க்குக் கைவந்தன.

1779ஆம் ஆண்டில், மைசூரை ஆண்ட ஐதர் அலியிடம் கும்பினியின் சமாதான நோக்கத்தை எடுத்துரைக்குமாறு, சென்னை ஆளுநர் ரம்போல்டு அவரைத் தூது அனுப்பினார். ஐதருக்கோ கும்பினியார்மீது கடுஞ்சினம். 1769ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி மராட்டியர்க்கு எதிராக அவர்கள் உதவவில்லை; அவர் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது மாகேயையும் கைப்பற்றியிருந்தனர். எனினும் சீரங்கப்பட்டணத்திற்கு வந்த பாதிரியாரை மன்னர் மதிப்புடன் வரவேற்று உரையாடினார். வழிச்செலவுக்கென அவர் அளித்த 300 ரூபாயைச் சுவார்ட்சு கும்பினியிடமே ஒப்படைத்தார். அது திருப்பித் தரப்படவே, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் ஆங்கிலப் பள்ளிக்கு அதனை ஆக்கினார்.

தூது பயன்தரவில்லை. 1780இல் ஐதரின் படை கருநாடகத்துள் புகுந்தது. தூதுவரின் சொல்லில் குறையில்லை. அனுப்பியவர்களின் செயல் அச்சொல்லுக்குத் துணைநிற்கவில்லை என்பதே உண்மை. கும்பினியின் நிழலில் அவர் நின்றார் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், அப்பாதிரியாருக்கு ஊறு செய்யலாகாது என்று ஐதர் தம் படையினர்க்கு ஆணையிட்டிருந்தார்.

போரோடு பஞ்சமும் வந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் வீரர்கள் பசியால் மடிந்தனர். நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. அதைச் சுமந்துவர மாடுகள் இல்லை. விலை கொடுப்பதாக மன்னர் துளஜா கூறியும், முன்னர் ஏமாற்றப்பட்ட உழவர்கள் நம்பவில்லை. தாமே பணம் தருவதாகச் சுவார்ட்சு ஊர்தோறும் மடல் எழுதினார். ஓரிரு நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. ஏறத்தாழ 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. சொன்னபடியே அனைவர்க்கும் பணமும் கொடுக்கப்பட்டது.

பின்னொருமுறை, கொடுங்கோன்மை தாங்காமல் உழவர்கள் ஊர்களைவிட்டு ஓடினர். வயல்கள் தரிசாகக் கிடந்தன. மன்னரின் அழைப்புக்கு எவரும் திரும்பவில்லை. அவர் சார்பில் சுவார்ட்சு வாக்களித்ததும், ஒரே நாளில் ஏறத்தாழ 7,000 பேர் திரும்பினர். பருவம் தவறிக்கொண்டிருப்பதை அவர் எடுத்துச் சொல்ல, அவர் காட்டிய அன்புக்காக இரவும் பகலும் உழைப்பதாக அவர்கள் கூறி வயலில் இறங்கினர்.

1798 பிப்ரவரி 13ஆம் நாள் சுவார்ட்சு தஞ்சையில் மறைந்தார். அவரிடம் பயின்ற சரபோசி அவ்வாண்டே அரியணை ஏறினார். தம் முன்னோரின் சமயத்திலேயே நிலைத்திருந்த அம்மன்னர், ஆங்கிலச் சிற்பி பிளாக்சுமனைக்கொண்டு பளிங்கில் நினைவுச் சிற்பம் ஒன்று செய்வித்துத் தஞ்சைக் கோட்டைத் தேவாலயத்தில் நிறுவினார். மரணப் படுக்கையில் கிடக்கும் ஆசானின் கையை மன்னர் பற்றி நிற்பதாக அதில் செதுக்கப்பட்டுள்ளது.