கணிப்பொறிக் கல்வி விளையாட்டுகள்: மூலமும் படிகளும்

கணிப்பொறியில் ஆடப்பெற்ற பழைய விளையாட்டுகளுள் 'ஹமுராபி' என்பது பெரிதும் அறியப்பட்டதொன்று. டேவிட் ஆல் என்பார் தொகுத்து 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'நூற்றொரு பேசிக் கணிப்பொறி விளையாட்டுகள்' என்னும் நூலில் அஃது இடம்பெற்றது. ஆடுவோன் பண்டை நாடொன்றின் அரசனாகிப் பத்து ஆண்டுகள் ஆள்கிறான். ஆண்டுதோறும் எவ்வளவு நிலம் வாங்குவது, எவ்வளவு விற்பது, குடிகளுக்கு உணவாக எத்துணைத் தானியம் அளப்பது, விதைப்புக்கு எத்துணை ஒதுக்குவது என்று அவன் முடிவு கூறவேண்டும். விடையாக எண்களைத் தட்டினால் போதும். விளைவைப் பொறி அறிவிக்கும்.

எளிய இவ்விளையாட்டைப் பற்றி ஆராய்ச்சி எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். 'ஹமுராபி' ஒரு மூலம் அன்று. படியைப் பார்த்தெழுதிய படி. அதன் மூலம் இன்று நமக்குக் கிடைத்திலது. அம்மூலத்தை ஆக்கியவர் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை. படி பெருகப் பெருக அவர் பெயர் மறைந்தது. அவர் கற்பிக்கக் கருதிய பாடமும் உடன் மறைந்தது. எஞ்சியது கணக்கு ஒன்றே. இம்மறைவு எவ்வாறு நேர்ந்தது என்பதையும், சில ஆண்டுகளுக்குப்பின் தோன்றிய மற்றொரு விளையாட்டு எவ்வாறு இதிலிருந்து தப்பியது என்பதையும் ஈண்டு ஆராயப் புகுகிறோம். ஏட்டுச்சுவடிகளின் வழிமுறையை ஆராய்ந்து பழகிய தமிழ் மாணவர்க்கு இவ்வாராய்ச்சியின் முறை புதிதன்று, பொருளே புதிது.

நியூயார்க் மாநிலத்து வெஸ்ட்செஸ்டர் மாவட்டத்தில் பள்ளிகளுக்கெனக் கூட்டுக் கல்விப்பணி வாரியம் ஒன்று இயங்கிவந்தது. 1962ஆம் ஆண்டில் அவ்வாரியமும் ஐ.பி.எம். நிறுவனமும் இணைந்து ஆசிரியர் சிலரைக் கூட்டி, கணிப்பொறியைக் கல்விக்குப் பயன்படுத்தும் வழிகளை ஆராய்ந்தன. அந்நாளில் கணிப்பொறி என்பது அறை நிறைக்கும் பெரும்பொறி. அதனைச் சிறுவர் கையில் கொடுத்தல் என்பது எண்ணிப் பார்க்கவும் துணிவு வேண்டிய செயல். நிறுவனத்தைச் சார்ந்த புரூஸ் மான்கிரீஃப் என்பார், கிரேக்கர்க்கு முற்பட்ட நாகரிகங்களைப் பள்ளிப் பாடத்திட்டம் புறக்கணிக்கிறது என்னும் குறையுடையவர். ஆதலின், சுமேரிய நாட்டைக் களமாகக் கொண்டு பொருளாதாரம் கற்பிக்கும் விளையாட்டு ஒன்றை அமைக்கலாம் என்று கருத்துரைத்தார். 'மொனாப்பொலி' என்னும் பலகை விளையாட்டும் அவர் எண்ணத்தைத் தூண்டியது என்பர்.

கருத்து இவ்வாறு பிறந்தது. அதற்கு உருக்கொடுத்தவர் கட்டோனா என்னும் ஊரில் நான்காம் வகுப்பு ஆசிரியையாக இருந்த மேபல் அடிஸ் அம்மையார். 1912இல் பிறந்த இவர் பர்னார்டு கல்லூரியில் பண்டை வரலாறும் உளவியலும் பயின்றவர். இவர் வகுத்த விதிகளையும் எழுதிய சொற்களையும் ஐ.பி.எம். நிறுவனத்து வில்லியம் மக்கே பொறிக்குரிய ஆணைநிரலாக மாற்றினார். அமெரிக்க அரசின் கல்வி அலுவலகம் பொருளுதவி செய்தது. 1964ஆம் ஆண்டில் உருவான இதற்குச் 'சுமேரிய விளையாட்டு' என்பது பெயர். யார்க்டவுன் ஹைட்ஸ் என்னுமிடத்து மோஹன்சிக் பள்ளியில் ஆறாம் வகுப்பு மாணவர் 30 பேர் இதனை ஆடிப் பார்த்தனர். 1966இல் அம்மையாரே இதனைத் திருத்தி விரித்தார்.

இவ்விளையாட்டின் அமைப்பைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். காலம் கி.மு. 3500; இடம் லகாஷ் நகரம். மாணவன் லுடுகா என்னும் கற்பனை அரசனாகிறான். திரையில் ஓடும் படம் எதுவும் இல்லை. தட்டச்சுப் பொறி ஒன்று தாளில் சொற்களை அச்சிடும். அரண்மனைக் கருமத்தலைவன் அரசனிடம் விண்ணப்பிப்பதாக அச்சொற்கள் அமைந்திருக்கும். விளைந்த தானியத்துள் உணவுக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு, களஞ்சியத்துக்கு எவ்வளவு என்று மாணவன் தட்ட, தொலைவில் உள்ள பெரும்பொறி கணக்கிட்டு விளைவை அறிவிக்கும். இடையிடையே தீயும் வெள்ளமும் வந்து சேமிப்பை அழிக்கும். ஆட்டம் மூன்று பகுதிகளாக நடக்கும். முதல் லுடுகாவின் காலத்தில் உழவு மட்டுமே. அவன் வழித்தோன்றல் காலத்தில் கைத்தொழில். மூன்றாம் லுடுகாவின் காலத்தில் வணிகமும் நாட்டு விரிவும். திருத்திய வடிவில் படவில்லைகளும் ஒலிநாடாவில் பதிந்த உரைகளும் இடையே சேர்ந்தன.

இப்பகுதிகளின் வைப்புமுறை தற்செயலானது அன்று. உழவில் மிச்சம் காணாதவனுக்குத் தொழில் இல்லை. தொழில் வளராத நாட்டுக்கு வணிகம் இல்லை. நாகரிகம் ஒன்று எவ்வாறு படிப்படியாக எழுகிறது என்பதை மாணவன் தன் முடிவுகளின் பயனாகவே காணவேண்டும் என்பதே ஆசிரியையின் கருத்து எனக் கொள்ளலாம். கணக்கு அதற்குக் கருவி. அதுவே பாடம் அன்று. பின்வருவனவற்றுக்கு இவ்வேறுபாடே திறவுகோல்.

இதன் ஆசிரியர் யார் என்னும் வினாவும் ஈண்டு எழும். கருத்துரைத்தவர் ஒருவர், வகுத்து எழுதியவர் ஒருவர், நிரலாக்கியவர் ஒருவர். செய்வித்தோரையும் செய்தோரையும் ஏட்டில் எழுதினோரையும் வேறுபடுத்திக் காணும் மரபு நமக்கு உண்டு. அம்மரபின்படி நோக்கின், விதியும் சொல்லும் வைப்புமுறையும் எவருடையனவோ அவரே ஆசிரியர். அவர் அடிஸ் அம்மையாரே. பொறியின் மொழியில் எழுதியவரையே ஆக்கியோராகக் கொள்ளும் பிற்கால வழக்கம் இதற்குப் பொருந்தாது.

இனிப் படிவழியைக் காண்போம். 1967இல் திட்டம் முடிவுற்றது. விளையாட்டின் செய்தியைக் கேட்டறிந்த டக் டைமென்ட் என்பார், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பி.டி.பி.-8 என்னும் சிறு கணிப்பொறிக்கு ஏற்ப, ஃபோகல் என்னும் நிரல்மொழியில் 1968ஆம் ஆண்டில் தம் நினைவுக்கேற்ப ஒன்றை எழுதினார். அவர் முன் மூலநிரல் இல்லை. செவிவழிச் செய்தியே இருந்தது. அச்சிறு பொறியின் அடிப்படை நினைவகம் 4,096 சொற்களே கொள்ளும். மூன்று தலைமுறை அரசர்க்கும் விரிவான விண்ணப்பங்களுக்கும் அதில் இடம் ஏது? முதற்பகுதியின் தானியக் கணக்கு மட்டும் தங்கியது. அதனை டேவிட் ஆல் பேசிக் மொழிக்கு மாற்றி நூலில் சேர்த்தார். இவ்வாறு பரவிய வடிவில் லகாஷின் லுடுகா நீங்கிப் பாபிலோனிய அரசன் பெயர் ஏறியது. அதுவும் ஓர் எழுத்துக் குறைந்து 'ஹமுராபி' என்றாயிற்று. ஹம்முராபி ஆண்டது கி.மு. 18ஆம் நூற்றாண்டில். ஆக, விளையாட்டு பெயரளவில் ஏறத்தாழ 1700 ஆண்டுகள் கீழிறங்கிவிட்டது. கிரேக்கர்க்கு முற்பட்ட வரலாற்றைப் பிள்ளைகள் அறியவேண்டும் என்பதற்காகவே பிறந்த விளையாட்டுக்கு நேர்ந்த கதி இது.

எஞ்சிய கணக்கு குறைந்த தரமுடையது எனக் கூறுதல் அறமன்று. தொடக்கத்தில் குடிகள் 100. நிலம் 1000 ஏக்கர். தானியம் 2800 புஷெல். ஒருவனுக்கு ஆண்டு உணவு 20 புஷெல். ஒருவன் உழக்கூடியது 10 ஏக்கர். ஒரு புஷெல் இரண்டு ஏக்கருக்கு விதையாகும். உணவுக்கு 2000, விதைக்கு 500 போக 300 எஞ்சும். முதலாண்டில் அரசன் நல்லவனாக இருப்பது எளிது. ஆனால் ஏக்கருக்கு ஒன்று முதல் ஐந்து புஷெல் வரை விளைச்சல் மாறும். ஒன்றே விளைந்தால் கையிருப்பு 1300 ஆகி, மறு ஆண்டு உணவுக்கே போதாது. எலிகள் வேறு தம் பங்கைக் கொள்ளும். இத்துணைச் சுருக்கத்துள் இத்துணை இடரை அமைத்தது திறமையே. மேலும், அந்நூல் நிரலை முழுதும் அச்சிட்டமையின், ஆடவிரும்பியோர் ஒவ்வொரு வரியையும் தாமே தட்டவேண்டியிருந்தது. அவ்வாறு தட்டியே நிரலெழுதக் கற்றோர் பலர். மூல ஆசிரியை எண்ணியிராத கல்வி ஒன்றை அப்படி அளித்தது. எனினும் தொழிலும் வணிகமும் போனபின், மிச்சம் எதற்கு என்னும் வினாவுக்கு அவ்விளையாட்டில் விடையில்லை.

மற்றொரு விளையாட்டின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 1971ஆம் ஆண்டில் கார்ல்டன் கல்லூரி மாணவர் மூவர் மினியாப்பொலிஸ் நகரப் பள்ளிகளில் பயிற்சி ஆசிரியராக இருந்தனர். அவருள் டான் ராவிட்ச் வரலாறு கற்பித்தவர். பில் ஹைன்மன், பால் டில்லன்பெர்கர் இருவரும் கணக்கு கற்பித்தவர். 19ஆம் நூற்றாண்டில் குடியேறிகள் மாட்டுவண்டிகளில் மேற்கு நோக்கிச் சென்ற ஓரிகன் பாதையைப் பற்றி ராவிட்ச் ஒரு பலகை விளையாட்டு வரைந்துகொண்டிருந்தார். உடனுறைந்த மற்ற இருவரும் அதனைக் கணிப்பொறிக்கு ஆக்கலாம் என்றனர். ஏறத்தாழ இரு வாரங்களில் நிரல் முடிந்தது. டிசம்பர் 3ஆம் நாள் வகுப்பில் முதன்முதலாக ஆடப்பெற்றது. 1847ஆம் ஆண்டில் ஐவர் கொண்ட குடும்பம் 2040 மைல் கடக்கவேண்டும். சேமித்த 900 டாலரில் 200 வண்டிக்கே போய்விட்டது. எஞ்சியதைக் கொண்டு எருதும் உணவும் உடையும் குண்டும் மருந்தும் வாங்கவேண்டும். வேட்டையாடுதற்குத் துப்பாக்கி ஒலியைக் குறிக்கும் சொல்லை விரைந்து தட்டவேண்டும். தட்டுதலில் தாமதித்தால் இரை தப்பும்.

பருவம் முடிந்ததும் ராவிட்ச் நிரலைப் பொறியினின்று நீக்கிவிட்டார். ஆனால் நீக்குமுன் அதனைத் தாளில் அச்சிட்டு எடுத்துவைத்துக்கொண்டார். இவ்வொரு செயலே அனைத்தையும் மாற்றியது. மினசோட்டா மாநிலம் பள்ளிக் கணிப்பொறிப் பணிக்கென 1973இல் நிறுவிய கூட்டமைப்பில் அவர் 1974ஆம் ஆண்டு சேர்ந்தபோது, அத்தாளைப் பார்த்துத் தாமே முழுவதையும் மீண்டும் தட்டினார். அத்துடன் நிற்கவில்லை. அப்பாதையில் சென்றோர் எழுதிய நாட்குறிப்புகளைப் படித்து, நோயும் மழையும் விபத்தும் எத்துணை அடிக்கடி நேர்ந்தன எனக் கண்டு, விளையாட்டின் நிகழ்ச்சிகளையும் அவற்றுக்கேற்ப அமைத்தார். 1978இல் அச்சில் வந்த வடிவில், உதவும் உள்நாட்டு மக்கள் உணவு கிடைக்குமிடம் காட்டும் நிகழ்ச்சி உண்டு. ஆசிரியனே தன் நூலைச் சான்று கொண்டு திருத்திய படி இது. இருப்பினும், அந்நிலத்துக்குரிய மக்கள் வழிப்போக்கர்க்கு நேரும் நன்மை தீமைகளுள் ஒன்றாகவே இதில் வருகின்றனர். நாட்குறிப்பு எழுதியோர் குடியேறிகளே ஆதலின், சான்றின் எல்லையே விளையாட்டின் எல்லையும் ஆயிற்று.

பின்னர், 1985ஆம் ஆண்டில் பிலிப் புஷார்டு தலைமையில் ஆப்பிள் II பொறிக்கெனப் படங்களுடன் இது புத்துருப் பெற்றது. அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு தலைமுறை அறிந்தது இவ்வடிவையே. மூலத்தை ஆக்கிய மூவருக்கும் விற்பனையில் பங்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆயினும் அவர் பெயரும் பாடமும் மறையவில்லை.

பாடம் படியெடுப்பில் உதிராதவாறு அமைந்த விளையாட்டுகளும் உண்டு. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்டு பிட்சர் 1960இல் தொடங்கிய 'பிளேட்டோ' என்னும் கணிப்பொறிக் கல்வி அமைப்பில், ஷாரன் டக்டேல் அம்மையாரும் டேவிட் கிப்பியும் 1970களில் 'டார்ட்ஸ்' என்பதனை ஆக்கினர். திரையில் எண்கோடு ஒன்று. அதில் இடையிடையே பலூன்கள். மாணவன் ஒரு பின்னத்தைத் தட்டினால் அம்பு அவ்விடத்துக்குப் பாயும். பின்னம் சரியானால் பலூன் வெடிக்கும்; பிழையானால், அம்பு விழுந்த இடமே எவ்வளவு பிழை என்பதைக் காட்டிவிடும். தவறு என்று கூற ஆசிரியன் வேண்டியதில்லை. இதனினின்று பின்னத்தை நீக்கினால் விளையாட்டே இராது. நம் கருத்தில், தொடக்ககாலக் கல்வி விளையாட்டுகளுள் அமைப்பால் முதலிடம் பெறத்தக்கது இதுவே.

பெயர் மறைதல் பள்ளிக்கூட ஆக்கங்களுக்கு மட்டும் உரியதன்று. அடாரி நிறுவனம் தன் விளையாட்டுகளில் ஆக்கியோர் பெயரை வெளியிடாத காலத்தில், வாரன் ராபினெட் 'அட்வெஞ்சர்' என்னும் தம் விளையாட்டில் ஒரு மறைவறை அமைத்து அதனுள் தம் பெயரை எழுதிவைத்தார். பின்னரே ஆடுவோர் அதனைக் கண்டுபிடித்தனர். அவரே 1982இல் லெஸ்லி கிரிம் அம்மையாருடன் சேர்ந்து, தருக்க வாயில்களைச் சிறுவர்க்குக் கற்பிக்கும் 'ராக்கீஸ் பூட்ஸ்' என்னும் விளையாட்டை ஆக்கினார்.

அடிஸ் அம்மையார்க்கு மறைவறையும் இல்லை. எடுத்துவைத்த நிரல்தாளும் இல்லை. மாணவர் ஆடியபோது தட்டச்சில் விழுந்த தாள்கள் சிலவும், படவில்லைகளும், திட்டத்தார் அரசுக்கு அளித்த அறிக்கைகளுமே எஞ்சின. அவ்வறிக்கைகளைத் தேடிப் படித்தோர் வாயிலாகவே அவர் பெயர் மீண்டும் வழங்கலாயிற்று. விளையாட்டு ஆக்குநரின் 2023ஆம் ஆண்டு விருது விழாவில் முன்னோடிக்குரிய விருது அவர் பெயர்க்கு அளிக்கப்பெற்றது. அவர் மறைந்தது 2004இல். அத்தாள்களில் அரசன் பெயர் லுடுகா என்றே உள்ளது.