காற்றை அளந்த மனிதர்: ஹாரி வெஸ்லேக்கும் சிலிண்டர் ஹெட்டும்

பெட்ரோல் இன்ஜினின் பவரைக் கூட்டுவது பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் பெட்ரோலைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் பெட்ரோல் ஒரு பிரச்சினையே இல்லை. கார்புரேட்டரில் ஜெட்டைப் பெரிதாக்கினால் வேண்டிய அளவு ஊற்றலாம். சிக்கல் காற்றில்தான் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தக் காற்றை இன்ஜின் "இழுக்கிறது" என்று சொல்வோமே தவிர, உண்மையில் வெளியே இருக்கும் காற்றழுத்தம்தான் அதை உள்ளே தள்ளுகிறது. 6000 ஆர்பிஎம்மில் ஓடும் இன்ஜினில் பிஸ்டன் ஒருமுறை மேலிருந்து கீழே போக 5 மில்லிசெகண்ட்தான் ஆகிறது. அதற்குள் காற்று போர்ட்டில் நுழைந்து, வளைந்து, வால்வைச் சுற்றிக்கொண்டு சிலிண்டரை நிரப்பியாக வேண்டும்.

அந்த வழியைச் சீராக்கும் வேலைக்குப் பெயர்தான் போர்ட்டிங். பட்டறைகளில் சுருக்கமாக "ஹெட் வேலை" என்பார்கள். மோட்டார் ரேஸிங் தொடங்கிய காலத்திலிருந்தே இது உண்டு. துளையைப் பெரிதாக்கு, கண்ணாடி மாதிரி பாலிஷ் போடு, அவ்வளவுதான் சூத்திரம். சில சமயம் பவர் கூடும், சில சமயம் குறையும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. ப்ரொஃபைலர் ஓட்டிப் பார்க்காமல் கோடை ஆப்டிமைஸ் செய்கிற கதைதான்.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஹாரி வெஸ்லேக். 1897இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் பிறந்தவர். குடும்பம் கேஸ் சாதனத் தொழிலில் இருந்தது. குழாய்க்குள் போகிற வாயுவை அளக்க முடியும் என்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கமான விஷயம். 1920களில் அதே யோசனையை இன்ஜினுக்குக் கொண்டுவந்தார். ஹெட்டைத் தனியாகக் கழற்றி மேடையில் வை. ஒரு குறிப்பிட்ட அழுத்த வித்தியாசத்தில் போர்ட் வழியாகக் காற்றைச் செலுத்து. வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஒவ்வொரு நிலையிலும் எவ்வளவு காற்று போகிறது என்று குறித்துக்கொள். இன்றைக்கு ஃப்ளோ பெஞ்ச் என்று சொல்கிறோமே, அதன் அடிப்படை இதுதான். இன்ஜினை ஓட்டாமலே, ஒரு சொட்டு பெட்ரோல் செலவழிக்காமலே, எந்த ஹெட் நல்லது என்று சொல்லிவிடலாம்.

அளக்க ஆரம்பித்ததும் பல நம்பிக்கைகள் உடைந்தன. துளை பெரிதானால் காற்று அதிகம் போகும் என்பது பாதி உண்மைதான். துளை அளவுக்கு மீறிப் பெரிதானால் காற்றின் வேகம் விழுந்துவிடும். குறைந்த ஆர்பிஎம்மில் இன்ஜின் செத்துப்போகும். பாலிஷால் வரும் லாபம் அற்பம். உண்மையான நெருக்கடி வால்வு சீட்டை ஒட்டிய சில மில்லிமீட்டரில் இருக்கிறது. போர்ட் கீழ்நோக்கி வளையும் இடத்தில், உள்வளைவின் பக்கம், காற்று சுவரை விட்டு விலகிச் சுழல ஆரம்பிக்கும். அந்த இடத்தில் துளை எவ்வளவு அகலம் என்பதைவிட வளைவின் வடிவம்தான் முக்கியம். கணக்கும் எளிது. வால்வின் விட்டத்தில் கால்பங்கு உயரத்துக்குத் தூக்கினால், அதைச் சுற்றிக் கிடைக்கும் திறப்பின் பரப்பும் வால்வு வட்டத்தின் பரப்பும் சமமாகிவிடும். அதற்கு மேல் தூக்குவதால் கிடைக்கும் கூடுதல் லாபம் குறைந்துகொண்டே போகும்.

இதற்கு நல்ல உதாரணம் 1935. வில்லியம் லயன்ஸின் எஸ்எஸ் கார்கள் பார்க்க அழகாக இருந்தன. ஓட்டத்தில் அந்த அளவுக்கு இல்லை. உள்ளே இருந்தது ஸ்டாண்டர்டு கம்பெனியின் சைடு வால்வு இன்ஜின். அதில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கும். காற்று மேலே ஏறி, மடங்கி, மறுபடி கீழே இறங்க வேண்டும். லயன்ஸ் வெஸ்லேக்கைக் கூப்பிட்டார். அவர் வால்வுகளை மேலே கொண்டுபோய்ப் புதிய ஹெட் ஒன்றை வடிவமைத்தார். எழுபது சொச்சம் குதிரைசக்தி கொடுத்துக்கொண்டிருந்த 2.7 லிட்டர் இன்ஜின் நூறைத் தாண்டியது. அந்தக் காருக்கு வைத்த மாடல் பெயர்தான் ஜாகுவார். பிறகு அதுவே கம்பெனியின் பெயரும் ஆயிற்று.

போருக்குப் பின் 1948இல் வந்த ஜாகுவார் எக்ஸ்கே இன்ஜினின் அலுமினிய ஹெட்டிலும் அவர் கை இருந்தது. 3442 சிசி, 160 குதிரைசக்தி. இதில் உள்வரும் போர்ட்டை வேண்டுமென்றே சற்று வளைத்திருந்தார்கள். காற்று நேராக விழாமல் சுழன்றுகொண்டே சிலிண்டருக்குள் இறங்கும். பெட்ரோலும் காற்றும் நன்றாகக் கலந்து எரியும். நேர் போர்ட்டில் காற்று இன்னும் அதிகம் போகலாம், ஆனால் சுழற்சி குறையும். எதை விட்டு எதைப் பிடிப்பது என்பதுதான் ஹெட் வடிவமைப்பின் நிரந்தரக் கேள்வி. இந்த இன்ஜின் குடும்பம் 1951க்கும் 1957க்கும் இடையில் ஐந்து முறை லெ மான் பந்தயத்தை வென்றது.

ரேஸ் கார்களோடு கதை முடிந்திருந்தால் நமக்கு இதில் பெரிய சம்பந்தம் இருக்காது. ஆஸ்டின் கம்பெனியின் ஏ சீரிஸ், பி சீரிஸ் இன்ஜின்களிலும் வெஸ்லேக்கின் எரியறை வடிவம்தான். மேலிருந்து பார்த்தால் இதய வடிவில் இருக்கும். இதயத்தின் நடு முனை இரண்டு வால்வுகளுக்கும் நடுவே நீண்டு, உள்ளே வரும் கலவையைச் சூடான எக்ஸாஸ்ட் வால்வின் பக்கம் நேரே போகவிடாமல் திருப்பும். ஏ சீரிஸ் மினி காருக்குப் போனது. பி சீரிஸின் 1489 சிசி இன்ஜின் எம்ஜிஏ என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கும் போனது, நம்ம ஊர் அம்பாசிடருக்கும் வந்தது! கலெக்டர் ஆபீஸ் வாசலிலும் டாக்ஸி ஸ்டாண்டிலும் பல வருஷம் நின்றிருந்த வண்டியின் பானெட்டுக்குள் இருந்தது அந்த வடிவம்தான்.

ஆனால் அந்த ஹெட்டில் ஒரு பெரிய சமரசமும் இருந்தது. நான்கு சிலிண்டருக்கு உள்வரும் போர்ட் இரண்டே இரண்டு. 1, 2 ஒன்றைப் பகிர்ந்துகொள்ளும். 3, 4 இன்னொன்றை. எரியும் வரிசை 1-3-4-2 என்பதால், ஒரு போர்ட்டில் இரண்டு சிலிண்டர்கள் அடுத்தடுத்து இழுக்கும், பிறகு நீண்ட ஓய்வு. நாலும் ஒரே அளவாக நிரம்பாது. வார்ப்பது சுலபம், விலை குறைவு, அதனால் அப்படி. இந்தக் குறையை வைத்துக்கொண்டே இங்கிலாந்தில் டவுன்டன் இன்ஜினியரிங்கின் டேனியல் ரிச்மண்ட் போன்றவர்கள் மினி ஹெட்டுகளைக் கையால் கடைந்து பெயர் வாங்கினார்கள்.

1967 ஜூன் மாதம் இந்த வரலாற்றில் சுவாரசியமான இடம். ஜூன் 4, ஹாலந்தின் சாண்ட்வோர்ட்: கீத் டக்வொர்த் வடிவமைத்த காஸ்வொர்த் டிஎஃப்வி தன் முதல் பந்தயத்திலேயே ஜிம் கிளார்க்குக்கு வெற்றி தந்தது. ஜூன் 18, பெல்ஜியத்தின் ஸ்பா: டேன் கர்னி, கர்னி-வெஸ்லேக் வி12 இன்ஜினோடு ஜெயித்தார். எக்ஸ்கேயில் இரு வால்வுகளுக்கும் இடையே 70 டிகிரி கோணம். டிஎஃப்வியில் 32, வெஸ்லேக் வி12இல் 30. சிலிண்டருக்கு நான்கு சிறிய வால்வுகள், செங்குத்தான போர்ட்கள், தட்டையான எரியறை. இரண்டு பட்டறைகள் தனித்தனியாகப் போய்ச் சேர்ந்தது கிட்டத்தட்ட ஒரே இடத்தில். காற்றின் விதி எல்லோருக்கும் ஒன்றுதானே.

அதற்குப் பிறகு பாதைகள் பிரிந்தன. வெஸ்லேக் வி12 இன்னொரு ஃபார்முலா 1 சாம்பியன்ஷிப் பந்தயத்தை ஜெயிக்கவில்லை. டிஎஃப்வி குடும்பம் 150க்கு மேல் ஜெயித்தது. நல்ல ஹெட் ஒன்றைச் செய்வது வேறு. அதையே பல அணிகளுக்கு, வருஷக்கணக்கில், ஒரே தரத்தில் செய்து கொடுப்பது வேறு. டிஎஃப்வியைக் காசு கொடுத்து எந்த அணியும் வாங்க முடிந்தது, வாங்கியவர்கள் ஜெயிக்கவும் முடிந்தது.

வெஸ்லேக் 1978இல் இறந்தார். இன்றைக்கு போர்ட் வடிவத்தைக் கம்ப்யூட்டரில் சிமுலேஷன் செய்து, சிஎன்சி மெஷினில் கடைகிறார்கள். ஆனாலும் கடைந்து முடித்த ஹெட்டை எடுத்துக்கொண்டு போய் வைப்பது ஃப்ளோ பெஞ்சில்தான். திரையில் வந்த எண்ணும் பெஞ்சில் வந்த எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், பெஞ்ச் சொல்வதைத்தான் நம்புகிறார்கள்.