வண்டியின் கனமும் கலவையின் அளவும்

வலியசாலையை அடுத்த சாலைக் கடைவீதி, திவான் இராஜா கேசவதாசர் காலத்தது. அங்கே பாரவண்டி ஓட்டியவர் எவரும் அறிந்த கணக்கு ஒன்றுண்டு: வண்டி கனத்தால் சரக்குக் குறையும். கான்கிரீட் கலவை லாரியின் வரலாறும் இக்கணக்கிலேயே தொடங்குகிறது.

அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் ஸ்டீபன் ஸ்டெபானியன் என்பவர் 1916-இல் இதற்குக் காப்புரிமை கோரினார். கலவை உருளையின் பாரத்தை லாரி தாங்காது என்று மறுத்துவிட்டனர். அன்றைய லாரிகளை நோக்குமிடத்து, அம்மறுப்பு முற்றிலும் தவறென்று சொல்வதற்கில்லை.

பின்னர் லாரி வலுப்பெற்றது. ஆனால், வீதி தாங்கும் பாரத்துக்கு எல்லை வேண்டுமே! நம் நாட்டில் மூன்று அச்சு லாரியின் மொத்த எடைக்கு இருந்த 25 டன் வரம்பு, 2018-இல் 28.5 டன் ஆயிற்று. ஒரு கன மீட்டர் கலவை ஏறக்குறைய 2.4 டன். ஆறு கன மீட்டருக்கு 14.4 டன் போக, பழைய வரம்பில் வண்டிக்கு எஞ்சியது 10.6 டன்னே. அதனினும் கனத்த வண்டி, உருளை நிறையாமல் ஓட வேண்டும். அன்றேல் சட்டத்தை மீற வேண்டும்.

உருளைத் தகட்டை மெலிதாக்கினாலோ, உள்ளே புரளும் ஜல்லி அதனை விரைவில் அரித்துவிடும். ஆகவே, தேய்மானத்தைத் தாங்கும் உறுதியான எஃகை நாடினர். வண்டியில் ஒரு டன் குறைந்தால், நடைக்கு 0.4 கன மீட்டர் கலவை கூடுதலாகச் செல்லும்.